பதில்: லாஸ் ஏஞ்சலஸ் வாக்குச்சீட்டில் டி.ஏ. (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, குற்ற வழக்குப் போடும் தலைமை அரசு வழக்கறிஞர்) பதவியைக் காணோமே?

வணக்கங்க. உங்களுக்குத் தப்பான வாக்குச்சீட்டு வந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) டி.ஏ. பதவிக்காலம் நான்கு வருடம். 2024இல் தேர்தல் முடிந்தது, அடுத்தது 2028.

அப்போது மார்ச் முதற்சுற்றைத் தவறவிட்டுவிடாதீர்கள். அதிலேயே ஒருவர் பாதி ஓட்டுக்கு மேல் வாங்கிவிட்டால் கதை முடிந்தது, நவம்பரில் போட்டியே இருக்காது. 2024இல் பன்னிரண்டு பேர் நின்றதால் ஓட்டுச் சிதறி, அப்போது டி.ஏ.வாக இருந்த ஜார்ஜ் காஸ்கோனும் அவரை எதிர்த்து நின்ற நேதன் ஹாக்மனும் நவம்பருக்குப் போனார்கள். ஹாக்மன் ஏறக்குறைய 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

கட்சிப் பெயர் சீட்டில் இருக்காது. பெயருக்குக் கீழே இரண்டு மூன்று சொல்லில் தொழில் மட்டும் போட்டிருக்கும். எல்லாரும் ஏதோ ஒரு வழக்கறிஞர்தான், அதை வைத்து ஒன்றும் பிடிபடாது! யார் யாருக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், நிறைய புரியும்.

கார் கண்ணாடியை உடைத்தவன் மேல் வழக்கே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் போலீஸ் ஆளைப் பிடித்துக் கொடுத்தால்தான் டி.ஏ. வழக்குப் போட முடியும். அதோடு, லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லைக்குள் நடக்கும் சின்னக் குற்றங்களை சிட்டி அட்டர்னிதான் (நகரத்தின் அரசு வழக்கறிஞர்) பார்க்கிறார். அது தனித் தேர்தல். உங்கள் வீடு நகர எல்லைக்குள் வருகிறதா?