ப்ளே ஸ்டோர்ல இல்லாத ஆட்-பிளாக்கர வெளியில இருந்து போடலாமா?

வாசகர் கேள்வி: "அப்பாவோட ஆண்ட்ராய்டு போன்ல எத தொறந்தாலும் முழு ஸ்கிரீனுக்கு விளம்பரம் வருது, அவரு க்ளோஸ் பண்றேன்னு எதையாவது தட்டிடறாரு. ஃப்ரெண்டு ஒருத்தர் விளம்பரத்த தடுக்கற ஆட்-அவேங்கற ஆப்ப போடச் சொன்னாரு. ப்ளே ஸ்டோர்ல தேடினா இல்ல, எஃப்-டிராய்ட்னு வேற ஒரு ஸ்டோர்ல தான் இருக்காம். கூகுளே தூக்கின ஆப்னா அதுல ஏதோ தப்பு இருக்குனு தானே அர்த்தம்? போட்டா பேங்க் ஆப் வேலை செய்யுமா? வெளி ஆப் எதையும் இனிமே போடவே முடியாதுனு வேற சொல்றாங்களே, உண்மையா?"

பதில்: தப்பு இருந்ததால தூக்கலங்க. 2013 மார்ச்ல ஆட்-அவே, ஆட்பிளாக் ப்ளஸ், ஆட்ஃப்ரீனு விளம்பரத்த தடுக்கற ஆப்ஸ கூகுள் மொத்தமா ப்ளே ஸ்டோர்ல இருந்து எடுத்துச்சு. டெவலப்பர்களுக்கு சொன்ன காரணம் வைரஸ் இல்ல, டேட்டா திருட்டு இல்ல, டெவலப்பர் ஒப்பந்தத்துல 4.4-னு ஒரு பிரிவு, அடுத்தவங்க சேவையில குறுக்கிடக் கூடாதுங்கறது. இப்ப ப்ளே ஸ்டோர் விதிகள்லயே நேரடியா எழுதி வெச்சிருக்காங்க, இன்னொரு ஆப் காட்டற விளம்பரத்த தடுக்கற ஆப்புக்கு இங்க இடம் இல்லனு.

இதுல "இன்னொரு ஆப்" தான் முக்கியம். பிரேவ் பிரவுசர் விளம்பரத்த தடுக்குது, ஃபயர்ஃபாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின்ங்கற எக்ஸ்டென்ஷன போட்டுக்கலாம், ரெண்டு பிரவுசரும் ப்ளே ஸ்டோர்லயே இருக்கு, ஏன்னா அதுங்க தடுக்கறது தன் சொந்த ஜன்னலுக்குள்ள மட்டும். ஆட்-அவே அப்படி இல்ல, போன்ல இருக்கற எல்லா ஆப்போட விளம்பரத்துலயும் கை வெக்குது. கூகுளோட வருமானத்துல பெரும்பங்கு விளம்பரத்துல இருந்து வருது, அதனால அவங்க கோடு எங்க விழும்னு புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல.

அந்தக் கோடும் எப்பவும் ஒரே இடத்துல நின்னதில்ல. 2016 தொடக்கத்துல சாம்சங் தன்னோட பிரவுசர்ல ஆட்-பிளாக்கர் இணைக்கற வசதியத் தொறந்து விட்டுச்சு. அதுக்குனு வந்த ஆட்பிளாக் ஃபாஸ்ட்ட கூகுள் தூக்குச்சு, பெரிய சத்தம் கிளம்பினதும் சில நாள்லயே திரும்ப அனுமதிச்சுச்சு. அதுக்கு முன்னாடி 2014 ஆகஸ்ட்ல டிஸ்கனெக்ட்ங்கற ஆப்ப எடுத்தாங்க, அது முக்கியமா தடுத்தது நம்மளப் பின்தொடர்ற டிராக்கர்கள. டிஸ்கனெக்ட் கம்பெனி சும்மா விடல, 2015-ல ஐரோப்பிய ஆணையத்துல புகார் கொடுத்தாங்க, தன் விளம்பரத் தொழிலக் காப்பாத்த ஸ்டோர் அதிகாரத்த கூகுள் பயன்படுத்துதுனு. என் கருத்தும் அதுதான். தன் ஸ்டோர்ல எத வெக்கணும்னு முடிவு பண்ற உரிமை கூகுளுக்கு இருக்கு, அதுல சண்டை இல்ல. ஆனா அங்க இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு ஆப் ஆபத்தானதுனு ஜனங்க நம்பற நிலைமை வந்துடுச்சு, உங்க கேள்வியே அப்படித்தான் வந்திருக்கு, அது தான் எனக்கு கவலை.

மறுபக்கமும் பாருங்க. ஸ்டோர்ல இருந்தா மட்டும் அது பத்திரமா? 2018-ல குரோம் வெப் ஸ்டோர்ல அஞ்சு போலி ஆட்-பிளாக்கர்கள ஆட்கார்ட் கம்பெனி கண்டுபிடிச்சு சொன்னப்ப, அதயெல்லாம் சேத்து 2 கோடி பேருக்கு மேல ஏற்கெனவே போட்டிருந்தாங்க. அதுக்காக வெளியில கெடைக்கறதெல்லாம் நல்லதுனும் இல்ல. 2019-ல ஆட்ஸ் பிளாக்கர்னு ஒண்ணு சுத்திட்டு இருந்துச்சு, மால்வேர்பைட்ஸ்ங்கற பாதுகாப்புக் கம்பெனி அத ஆராய்ஞ்சு எழுதினாங்க: மத்த ஆப்ஸ் மேல காட்ட அனுமதி கேக்கும், விபிஎன் (போனோட நெட் போக்குவரத்த ஒரு ஆப் வழியா திருப்பி விடறது) அனுமதி கேக்கும், கொடுத்ததும் ஐகானே காணாம போயிடும், அப்புறம் முழு ஸ்கிரீன் விளம்பரமா கொட்டும். விளம்பரத்த நிறுத்தப் போட்ட ஆப் தான் விளம்பரத்தயே போடுது.

இத ஏன் விளக்கமா சொல்றேன்னா, உங்க அப்பா போன்ல நடக்கறதும் அநேகமா இந்த மாதிரி ஏதோ ஒண்ணு தான். எத தொறந்தாலும் விளம்பரம் வருதுனா அது அந்தந்த ஆப்போட விளம்பரம் இல்ல, ஏதோ ஒரு ஆப் மத்ததுக்கெல்லாம் மேல ஏறி உக்காந்திருக்கு, அதுக்கு ஆட்-அவே மருந்து இல்ல. அடுத்த தடவ விளம்பரம் வந்ததும் க்ளோஸ் பண்ணாம ரீசன்ட் ஆப்ஸ் பட்டன தட்டுங்க, அந்த விளம்பரக் கார்டுக்கு மேல எந்த ஐகான் இருக்குனு பாருங்க, பெரும்பாலும் டார்ச், கிளீனர், வால்பேப்பர் மாதிரி ஏதாவது ஒரு ஆப்பா இருக்கும். அப்படியும் தெரியலனா செட்டிங்ஸ்ல "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்"னு தேடி, அந்த லிஸ்ட்ல தேவையில்லாம இருக்கறதுக்கு அனுமதிய எடுத்துட்டு ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணுங்க. பாதித் தொல்லை இதுலயே போயிடும்.

மீதிக்கு, ஆப் எதுவும் இல்லாமலே ஒரு வழி இருக்கு. ஆண்ட்ராய்டு 9-ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு செட்டிங் இருக்கு (டிஎன்எஸ்ங்கறது சைட்டோட பேரக் கேட்டா அதோட முகவரியச் சொல்ற சேவை), அதுல ஹோஸ்ட்நேம் கேக்கற இடத்துல டிஎன்எஸ் டாட் ஆட்கார்ட் ஹைஃபன் டிஎன்எஸ் டாட் காம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி சேவ் பண்ணுங்க. விளம்பரம் அனுப்பற சர்வரோட பேர போன் கேக்கறப்ப இந்த டிஎன்எஸ் சரியான முகவரியக் கொடுக்காது, விளம்பரம் வந்து சேராது, அவ்வளவு தான். ஒரே சிக்கல், சில ஹோட்டல், ஸ்டேஷன் வைஃபைல லாகின் பேஜே தொறக்காது, பிரைவேட் டிஎன்எஸ் கெடைக்கலனு மெசேஜ் வரும், அப்ப ஆட்டோமேட்டிக்னு மாத்தி லாகின் ஆனப்புறம் திரும்பப் போட்டுக்கலாம். அப்பாவுக்கு இத மட்டும் சொல்லி வெச்சிடுங்க, இல்லனா நெட்டே போச்சுனு உங்களுக்குத் தான் போன் வரும். யூடியூப் விளம்பரம் இதுல போகாது, ஆட்-அவேலயும் போகாது, ஏன்னா வீடியோ வர்ற அதே சர்வர்கள்ல இருந்து தான் அந்த விளம்பரமும் வருது.

எத எத தடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணணும்னா, லிஸ்ட்ட மாத்தணும்னா, அப்ப ஆட்-அவே போடுங்க, தாராளமா. எஃப்-டிராய்ட் 2010-ல இருந்து தன்னார்வலர்கள் நடத்தற ஸ்டோர். டெவலப்பர் கொடுக்கற ரெடிமேட் ஃபைல அப்படியே வெக்காம, சோர்ஸ் கோட (ஆப்ப எழுதின மூல நிரல) எடுத்து பெரும்பாலும் தாங்களே பில்டு பண்ணி, அதாவது ஆப்பா மாத்தி வெப்பாங்க, ஆப்ல டிராக்கிங் இருந்தா, விளம்பரம் இருந்தா அந்தப் பக்கத்துலயே எச்சரிக்கையா எழுதியிருப்பாங்க. எஃப்-டிராய்ட அதோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எறக்குங்க, கூகுள்ல "ஆட்-அவே ஏபிகே"னு (ஏபிகேன்னா ஆண்ட்ராய்டு ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) தேடி வர்ற கண்ட சைட்டுக்குப் போகாதீங்க. போட்டு முடிச்சதும், வெளி ஆப் போடறதுக்காக பிரவுசருக்குக் கொடுத்த "அன்னோன் ஆப்ஸ்" அனுமதிய மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொரு விஷயம் பல பேர் மாட்டிக்கறாங்க. எஃப்-டிராய்ட் பில்டு பண்ற ஆப்புல பெரும்பாலும் அவங்களோட டிஜிட்டல் கையெழுத்து (ஆப்ப யாரு உருவாக்கினாங்கனு காட்டற முத்திரை) தான் இருக்கும், அதே ஆப்ப டெவலப்பர் சைட்ல இருந்து எடுத்து மேல போட்டா "ஆப் நாட் இன்ஸ்டால்டு"னு நின்னுடும். எங்க இருந்து முதல்ல போட்டீங்களோ அங்க இருந்தே அப்டேட் பண்ணுங்க. பேர் ஒண்ணா இருக்கறதால ஆப்பும் ஒண்ணுனு நினைக்காதீங்க, ப்ளே ஸ்டோர்ல ஆட்கார்ட் பேர்ல வர்ற கன்டென்ட் பிளாக்கர் சாம்சங், யாண்டெக்ஸ் பிரவுசருக்கு மட்டும் வேலை செய்யறது, முழு ஆட்கார்ட் அவங்க சைட்ல தான். அதோட முழு சோர்ஸ் கோடும் ஓப்பனா இல்லாததால எஃப்-டிராய்ட்லயும் அது இல்ல, எத வெக்கலாம்னு அவங்களுக்கும் ஒரு வரம்பு இருக்கு.

பேங்க் ஆப் பத்தி: ஆட்-அவே முதல்ல தொறக்கறப்ப ரூட் (போனோட பூட்ட ஒடைச்சு முழு கட்டுப்பாட்டையும் எடுக்கறது) வழியா, விபிஎன் வழியானு கேக்கும். விபிஎன் வழியத் தான் எடுக்கணும். ரூட் பண்ணின போன்ல பேங்க் ஆப், யுபிஐ ஆப் பலது தொறக்கவே தொறக்காது, அப்பா போன்ல அந்த வேலையே வேணாம். விபிஎன்னு பேரே தவிர இது உங்க டேட்டாவ வெளிநாட்டு சர்வர் வழியா அனுப்பறது இல்ல, போனுக்குள்ளயே டிஎன்எஸ் கேள்விகள வடிகட்டுது. சில பேங்க் ஆப் விபிஎன் ஆன்ல இருந்தா மொரண்டு பிடிக்கும், அப்ப ஆட்-அவேய நிறுத்திட்டு பணத்த அனுப்புங்க. ஆண்ட்ராய்டுல ஒரு நேரத்துல ஒரு விபிஎன் தான் ஓடும், ஆபீஸ் விபிஎன் இருந்தா இது நிக்கும். இதப் போட்டா பிரைவேட் டிஎன்எஸ்ஸ ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு கெடுக்கும்.

எஸ்எம்எஸ் படிக்கணும், நோட்டிபிகேஷன் படிக்கணும், அக்செஸிபிலிட்டி (ஸ்கிரீன்ல இருக்கறதப் படிக்கற, நமக்குப் பதிலா தட்டற அனுமதி) வேணும்னு ஒரு ஆட்-பிளாக்கர் கேட்டா உடனே தூக்கிடுங்க. ஓடிபி திருடறவங்க கேக்கற அனுமதிங்க இதுதான். பிரவுசர், வாட்ஸ்அப் வழியா வர்ற ஏபிகே இதயெல்லாம் கேட்டா கூகுளோட பாதுகாப்புச் சோதனையான ப்ளே புரொடெக்ட் தானா தடுக்கற முறைய 2024-ல இந்தியாவுக்கும் கொண்டு வந்தாங்க, அது நல்ல காரியம், ஆட்-அவே இதுல எதையும் கேக்கறதில்ல.

கடைசி கேள்வி. 2025 ஆகஸ்ட்ல கூகுள் ஒரு அறிவிப்பு கொடுத்துச்சு, ஸ்டோருக்கு வெளியில ஆப் கொடுக்கற டெவலப்பரும் தன் பேர், முகவரி எல்லாம் கூகுள்கிட்ட பதிவு பண்ணணும், இல்லனா கூகுள் சான்றிதழ் உள்ள ஆண்ட்ராய்டு போன்ல அந்த ஆப் இன்ஸ்டால் ஆகாதுனு. 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துல ஆரம்பிச்சு 2027-ல இருந்து மத்த நாடுகளுக்குனு திட்டம். இது வந்தா எங்க திட்டமே முடிஞ்சு போகும்னு எஃப்-டிராய்ட் வெளிப்படையா எழுதுச்சு, தன் ஸ்டோர்ல இருக்கற டெவலப்பர்கள கூகுள்கிட்ட பதிவு பண்ணச் சொல்லி அவங்களால கட்டாயப்படுத்த முடியாது. எனக்கும் இது பெரிய அநியாயமாத் தான் படுது. ப்ளே ஸ்டோர்ல இடமில்லனு 2013-ல சொன்னப்ப போறதுக்கு வேற இடம் இருந்துச்சு, இப்ப அந்த வேற இடத்துக்கும் இவங்ககிட்டயே அனுமதி வாங்கணும்ங்கறாங்க, அதுவும் ஆட்-பிளாக்கர் எழுதறவங்க தன் முகவரிய விளம்பரக் கம்பெனிகிட்டயே போய்க் கொடுக்கணும். எதிர்ப்பு பலமானதும் 2025 நவம்பர்ல, விவரம் தெரிஞ்சவங்க எச்சரிக்கையப் படிச்சுட்டு சரிபார்க்கப்படாத ஆப்பையும் போட்டுக்க ஒரு வழி வெக்கறோம்னு கூகுள் எறங்கி வந்துச்சு. கம்ப்யூட்டர்ல இணைச்சு ஏடிபி (டெவலப்பர்கள் கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கட்டளை கொடுக்கற கருவி) வழியா போடறதும் தொடரும்னு சொல்லியிருக்காங்க. அதனால "போடவே முடியாது"ங்கறது சரியில்ல, போடறது கஷ்டமாகும்ங்கறது தான் சரி. முதல் நாலு நாட்டுல அந்த எச்சரிக்கை எத்தன ஸ்கிரீன் தாண்டி வருதுனு கவனிச்சா நம்ம முறை வர்றப்ப எப்படி இருக்கும்னு தெரிஞ்சுடும்.