துப்பாக்கிக் குழல் (பேரல்) சுத்தம்: பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் சில கேள்விகள்

மழை தொடங்கியதும் துப்பாக்கி பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை மூடும் பகுதி) திறந்து, சேம்பரை (தோட்டா உட்காரும் குழி) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்த்த பிறகே துணியை எடுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

கிளப்பில் .22 ரைஃபிளில் பயிற்சி செய்கிறேன். ஒவ்வொரு நாளும் சுட்டு முடித்ததும் பேரலைப் பளபளவென்று துடைத்துவிடுவேன். அதற்குத் துண்டு துண்டாக இணைக்கும் அலுமினிய ராடு (துடைக்கும் கம்பி) வைத்திருக்கிறேன். அப்படியும் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழும் வட்டம்) விரிந்துகொண்டே போகிறதே? (பாலக்காடு சித்தூர்)

ராடை எந்தப் பக்கமிருந்து விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. குண்டு பேரலை விட்டு விலகும்போது, அதைத் தள்ளிவந்த வாயு சுற்றிலும் ஒரே சீராகப் பிரிய வேண்டும். வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அங்கே முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் பின்பகுதியை இடித்துச் சாய்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே இதற்குப் போதும். அலுமினியம் மெத்தென்றுதானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்த மென்மையில்தான் மணலும் கரித்தூளும் பதிந்து, ராடே அரம் ஆகிறது. இணைப்பு மூட்டுகளும் உள்ளே உரசும்.

போல்ட் ரைஃபிள்தானே? போல்ட்டை உருவிவிட்டு, தோட்டா போடும் பக்கமிருந்து சுத்தம் செய்யுங்கள். ஒரே துண்டாக உள்ள, மேல்பூச்சு கொண்ட ராடு வாங்குங்கள். அது நடுவாகவே போக வழிகாட்டிக் குழாய் ஒன்றும் வேண்டும். அழுக்குத் துணி மறுமுனையில் வெளியே வந்ததும் கழற்றிவிட்டு, ராடை மெதுவாக உள்ளிழுங்கள். ஒவ்வொரு முறையும் ராடைத் துடைக்கவும் மறக்காதீர்கள்.

அப்புறம், .22-க்குத் தினசரி சுத்தமே தேவையில்லை. அதன் ஈயக் குண்டில் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். அது பேரலுக்குள் சீராகப் படிந்த பிறகுதான் குரூப் சுருங்கும். நீங்கள் தினமும் அதை வழித்தெடுத்துவிட்டு, மறுநாள் சுடும் முதல் சில குண்டுகள் சிதறுகின்றன என்று கவலைப்படுகிறீர்கள். குரூப் விரியும்போது சுத்தம் செய்தால் போதும். சேம்பருக்குச் சற்று முன்னால் ஈயம் வளையமாகப் படிந்திருக்கிறதா என்று மட்டும் அப்போது பாருங்கள்.

காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-ல் பஞ்சாயத்துகளுக்கு வந்த பிறகு, அதற்காக எங்கள் பஞ்சாயத்து வைத்துள்ள பட்டியலில் நானும் இருக்கிறேன். தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த .315 ரைஃபிள் திரும்பி வந்தபோது உள்ளே செம்பழுப்பாக இருக்கிறது. உப்புத்தாள் சுற்றித் தேய்க்கலாமா சார்? (கொழிஞ்சாம்பாறை)

வேண்டவே வேண்டாம். பேரலுக்குள் ஓடும் சுழல் பள்ளங்களின் ஆழம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். உப்புத்தாள் அவற்றின் விளிம்பை மழுக்கிவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பேரலில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அதைக் கவனிக்காமல் சுட்டால் பேரல் வெடிக்கும். வழி திறந்திருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் வெண்கல பிரஷ்ஷைப் பின்பக்கமிருந்து முழு நீளமும் தள்ளுங்கள். பாதி வழியில் திருப்பி இழுக்கக் கூடாது. ஸ்டீல் பிரஷ்ஷும் ஆகாது. துணியில் துரு வருவது நிற்கும்வரை இதைச் செய்யலாம். நிறம் மட்டும் மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குழி விழுந்த பேரலும் பல சமயம் நன்றாகவே சுடும், ஆனால் அழுக்கு சீக்கிரம் சேரும்.

அடுத்த முறை ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் மெல்லிய எண்ணெய் பூசிக் கொடுங்கள். துணி உறையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் உறையோடு நீண்ட நாள் வைக்காதீர்கள். சுடுவதற்கு முன் பேரலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் முதல் குண்டு வேறிடம் போகும். அதிகமாக இருந்தால் ஆபத்தும்கூட.

தேங்காய் எண்ணெய் போடலாமா? (கொல்லங்கோடு)

சமையலுக்குப் போடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளாக ஆகப் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், துருவைத் தடுக்காது.

குண்டின் செம்பு உறை பேரலுக்குள் விட்டுப்போகும் படிவை எடுக்க அம்மோனியா சால்வென்ட் (கரைப்பான்) வாங்கினேன். எத்தனை துணி விட்டாலும் நீலமாகவே வருகிறது. (மறையூர்)

ராடின் நுனியில் துணி மாட்டும் உருப்படி பித்தளையா? அப்படியானால் அதிலுள்ள செம்பு கரைந்தும் நீலம் வரும். வெண்கல பிரஷ்ஷும் அப்படியே. பிளாஸ்டிக் நுனியும் நைலான் பிரஷ்ஷும் போட்டுப் பாருங்கள். டப்பாவில் எழுதிய நேரத்துக்கு மேல் சால்வென்ட்டைப் பேரலில் விடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா காலத்து லைசென்ஸ் உள்ள கரிமருந்துத் துப்பாக்கி. வாய்வழியாகத்தானே துடைக்க முடியும்? (அகளி)

ஆமாம். வழுவழுப்பான பேரல் என்றால் ரைஃபிளைப் போல அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உள்ளே மருந்து இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காலியான பேரலில் கம்பு அடிவரை போகும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்கு முன்பே கம்பு நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தொடாதீர்கள், மெக்கானிக்கை அழையுங்கள். காலி என்று உறுதியானால் சுடுதண்ணீரும் சோப்பும்தான் சரி. கரிமருந்து விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது. கழுவிய சூடு ஆறுவதற்குள் துடைத்து உலர்த்தி எண்ணெய் போடுங்கள். சுட்ட அன்றே செய்துவிட வேண்டும்.

மகனுடைய ஏர் ரைஃபிளுக்கும் இதே முறையா? (வேலந்தாவளம்)

இல்லை. அதில் வெடிமருந்துக் கரி கிடையாது. பின்பக்கமிருந்து இழுக்கும் கயிறும் உலர்ந்த துணியும் போதும். வெண்கல பிரஷ் வேண்டாம். ஸ்பிரிங் ரகம் என்றால் பேரலில் எண்ணெயும் விடாதீர்கள். காற்று அழுத்தத்தில் அது தீப்பிடித்து, காற்று கசியாமல் அடைக்கும் வளையத்தை (சீல்) கெடுத்துவிடும்.