மாரத்தான் ஓட ஆசை, ஆனால் நான்கே நாளில் விட்டுவிடுகிறேன். சிறிது சிறிதாகப் பழகினால் உண்மையிலேயே முடியுமா?

முடியும். நாற்பது வயதுக்கு மேல், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிய நிலையில் ஆரம்பித்தவன் நான். சென்னையில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்திருக்கிறேன்.

தொடக்கம் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது வரை ஓட்டம், அப்புறம் இரண்டு கம்பத்துக்கு நடை. சில வாரம் கழித்து இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. "இதுக்குப் பேரு ஓட்டமாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் ஓடலாம் போலிருக்கும். அந்த மிச்சம்தான் மறுநாள் விடிகாலையில் என்னை எழுப்பிவிட்டது.

நீங்கள் விட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முதல் நாளே அளவுக்கு மீறி ஓடிவிடுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்குவது குறைந்ததும் மனசு துள்ளும், கால் இன்னும் தயாராகியிருக்காது. என்னோடு ஆரம்பித்த நண்பர் ஒருவர் இரண்டாம் மாதமே தூரத்தை இரட்டிப்பாக்கினார். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து, ஓட்டத்தையே நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. மனம் தளராத மனிதர் அவர். அவசரம்தான் அவரை முடக்கியது.

வேகத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. பக்கத்தில் ஓடி வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்த கென்யாவின் எலியுட் கிப்சோகே கூட, பயிற்சியின் பெரும்பகுதியைத் தன் போட்டி வேகத்தைவிட நிதானமாகவே ஓடுபவர்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துவிடுங்கள். சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் தசையில் சேமித்த மாவுச்சத்து தீரத் தொடங்கும். அதைச் சமாளிக்கும் பழக்கம் இந்த நீண்ட ஓட்டங்களில்தான் வரும். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, அப்புறம் அரை மாரத்தான். முழு மாரத்தானுக்கு ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.