மூட்டை தூக்குவோரின் இடுப்பு வலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அரிசி மண்டியில் பல ஆண்டுகளாகச் சுமை தூக்குகிறேன். குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். 50 கிலோ மூட்டையை அப்படித் தூக்கினால் வலி முன்பைவிடக் கூடுகிறது. விடியற்காலை லாரியில் சரக்கு இறக்கும்போதுதான் இடுப்பு அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. நான் செய்வதில் என்ன தவறு?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தவறு உங்களுடையது அன்று. முழங்காலை மடக்கித் தூக்கும் முறை, இரு கால்களுக்கும் இடையே அடங்கக்கூடிய எண்ணெய் டின், சிறிய பெட்டி போன்றவற்றுக்கு ஏற்றது. அரிசி மூட்டை அந்த இடைவெளியில் அடங்காது. நீங்கள் உட்கார்ந்ததும் அது முழங்கால்களுக்கு முன்னால் தள்ளிப்போய்விடும். சுமை உடலைவிட்டு விலக விலக, இடுப்பின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் தாங்க வேண்டிய அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துத் தெருக்கோடி வரை நடப்பவரால், அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம்கூட நிற்க முடியாது.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நல்வாழ்வு நிறுவனம் 1991இல் திருத்தி வகுத்த கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும், அதாவது சுமை இடுப்பு உயரத்தில், உடலை ஒட்டி, நல்ல பிடியுடன் இருந்தாலும், ஒருவர் தூக்குவதற்குப் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோதான். கணுக்காலிலிருந்து கைப்பிடி வரை உள்ள கிடைமட்டத் தொலைவு 25 சென்டிமீட்டரிலிருந்து 50 ஆனால் அந்த அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண் தொழிலாளருக்கு 55 கிலோ என்று பரிந்துரைத்ததைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அது மீறக் கூடாத உச்ச வரம்பே தவிர, அந்த எடை வரை ஆபத்தில்லை என்பதற்கான உறுதிமொழி அன்று.

ஆகவே, தரையில் கிடக்கும் மூட்டையைத் தனியாக எடுப்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். இருவர் ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, ஒரே குரலில் ஒரே நேரத்தில் தூக்கி, இடுப்பு உயர மேடையில் வையுங்கள். அங்கிருந்து ஒருவர் முதுகிலோ தோளிலோ வாங்கிக்கொள்ளலாம். அட்டியின் (மூட்டை அடுக்கின்) கீழ்வரிசைக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாக மரச்சட்டங்களை அடுக்கச் சொல்லுங்கள். அரிசியில் ஈரம் ஏறாமல் இருப்பதோடு உங்கள் குனிவும் குறையும். தோளில் பாரத்துடன், கால்களை ஊன்றியபடியே இடுப்பை மட்டும் முறுக்கி மூட்டையை அட்டியில் எறியும் பழக்கம் மிகவும் கெடுதலானது. முதலில் பாதங்களைத் திருப்புங்கள். உடல் தானே திரும்பும்.

விடியற்காலை வலிக்கும் காரணம் உண்டு. படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு மிகுந்த சிரமம் தரும். எழுந்தவுடன் லாரிக்கு ஓடாமல் சிறிது நேரம் நடந்துவிட்டு, முதலில் இலகுவான சரக்கை எடுங்கள். இரவெல்லாம் லாரியில் உட்கார்ந்து வந்து, இறங்கிய கையோடு மூட்டை தூக்கும் கிளீனர்களும் முதலில் நன்றாக நடந்து உடலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

சாதாரணப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பாரம் தூக்காமல், இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அதே நாளில், அது இரவானாலும், மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். தாமதித்தால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம்.

கேள்வி: சிமெண்ட் கடை நடத்துகிறேன். மூட்டை தூக்கும் ஊழியர்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. மேலே சொன்ன அமெரிக்க நிறுவனமே 1994இல் இதை ஆராய்ந்து, உடல் நலமாக இருக்கும் தொழிலாளர்களை இத்தகைய பெல்ட் காயத்திலிருந்து காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று தெரிவித்தது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடுதலாகத் தூக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல இரு சக்கரத் தள்ளுவண்டி வாங்குங்கள். கடை வாசலில் ஒரே ஒரு படி இருந்தாலும் வண்டி மூலையில் சாத்தப்பட்டு, மூட்டை மறுபடி தலைக்கு ஏறிவிடும் என்பதால், படியின் மேல் உறுதியான சரிவுப் பலகை போடுவதும், சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது; ஊழியர்கள் அதில் பதிவு செய்யவும் உதவுங்கள்.

கூலியையும் பாருங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று தனி ஆளுக்குக் கணக்கிட்டால், இருவர் சேர்ந்து தூக்குவது அவர்களுக்கு நஷ்டமாகும், எவரும் துணைக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள். ஒரு லாரிக்கு இவ்வளவு என்று குழுவுக்குப் பேசி, இறக்கும் நேரத்தில் அவசரப்படுத்தாமல் இருந்தால், இருவராகத் தூக்க அவர்களே முன்வருவார்கள்.