ஊர்க்கூட்டத்தில் ஏலம் போன வார்டில் நான் நிற்க முடியுமா?

ஏற்காடு வட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து, மலையாளி பழங்குடி வகுப்பைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் அவர், வரும் ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட விரும்புகிறார். ஆனால் கோயில் திருப்பணிக்கு அதிகத் தொகை தருவதாக ஏலம் கேட்டவரே போட்டியின்றி வரவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டதாம். மீறி மனுப்போட்டால் சாமி குற்றம் வரும் என்றும், காலமான தந்தையின் பெயரிலுள்ள வீட்டு வரிப் பாக்கியைக் காட்டியே மனுவைத் தள்ளவைப்போம் என்றும் சொல்கிறார்களாம். தமக்கு 1998ஆம் ஆண்டு வட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்று செல்லுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஊர்க்கூட்டத்தின் முடிவு சட்டத்தின் முன் வெறும் பேச்சே. அது உங்கள் உரிமையைத் தொடாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும், நிறைவடைந்த 21 வயதும் இருந்து, சட்டம் சொல்லும் தகுதியின்மை எதுவும் இல்லாத எவரும் போட்டியிடலாம். ஏலத்தொகை தனிநபர் பைக்குப் போகாமல் கோயிலுக்குப் போகிறது என்பதால் அது புண்ணியக் காரியம் ஆகிவிடாது. தேர்தலில் நிற்பது, நிற்காமலிருப்பது, மனுவைத் திரும்பப் பெறுவது ஆகிய மூன்றையுமே பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த குற்றவியல் சட்டம்) 169ஆம் பிரிவு தேர்தல் உரிமை என்று வரையறுக்கிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தூண்டும் நோக்கில் ஒருவருக்கோ வேறு எவருக்கோ கைம்மாறு கொடுப்பதை 170ஆம் பிரிவு கையூட்டு என்கிறது. இதற்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாமி குற்றம் என்ற மிரட்டலைப் பொறுத்தவரை, சட்டம் எழுதியவர்கள் நம் ஊர்க்கூட்டங்களை நேரில் பார்த்திருப்பார்களோ என்று எனக்கே சில வேளைகளில் தோன்றும். வேட்பாளரையோ வாக்காளரையோ தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைக்க முயல்வதைத் தகாத செல்வாக்கு என்று 171ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆயினும் இவை குற்றவியல் நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாத வகைக் குற்றங்கள் என்பதால், நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. கூட்டம் நடந்த நாள், பேசப்பட்ட தொகை, உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களுடன், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு எழுத்துவழிப் புகார் அளித்து ஒப்புகை பெறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள்; அதையே மனுவைத் திரும்பப் பெறும் கடிதமாக்கிவிடக் கூடும். ஏலம் கேட்டவரைத் தவிர மற்ற அனைவரும் திரும்பப் பெற்றாலும், அவருக்கு எதிராக உங்கள் ஒரு மனு நிலைத்திருந்தால் வாக்குப்பதிவு நடந்தே தீரும்.

உண்மையில் என்னைக் கவலைகொள்ளச் செய்வது வரிப் பாக்கிதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 37ஆம் பிரிவின்படி, முந்தைய ஆண்டு வரை ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்குக் கேட்பு (செலுத்தச் சொல்லும் அறிவிப்பு) முறையாகச் சார்வு செய்யப்பட்டு, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டு, அதில் குறித்த காலமும் கடந்த பின் பாக்கி வைத்திருப்பவர் போட்டியிட முடியாது. பாக்கி உங்கள் தந்தையின் பெயரில் இருப்பதாலும், உங்களுக்குக் கேட்பு எதுவும் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதாலும் அது உங்களைத் தாக்காது என்று வலுவாக வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை வேட்புமனுப் பரிசீலனை மேசையில் சில நிமிடங்களில் கேட்டு முடிவெடுக்கப்போகிறவர் தேர்தல் அலுவலர். அவர் தவறாகவே தள்ளினாலும் மறுநாளே உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம் என்பது பரவலான தவறான நம்பிக்கை.

அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்ட பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில், இடையில் நீதிமன்றம் தலையிட முடியாது, தேர்தல் முடிந்த பின் அதன் முடிவை எதிர்த்துத் தொடுக்கும் தேர்தல் மனுவே வழி என்று உச்சநீதிமன்றம் 1952ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அது சட்டமன்றத் தேர்தலைப் பற்றிய தீர்ப்பு. ஊராட்சித் தேர்தலுக்கு அதே தடையை அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவு வைத்திருக்கிறது. முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் என்றாலும், வென்றவர் பதவியில் அமர்ந்திருக்க நீங்கள் சேலத்துக்கும் மலைக்கும் பேருந்தில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே வாதத்தை என் போன்றோரிடம் விட்டுவிட்டு, தேர்தல் அறிவிக்கை வருமுன்பே பாக்கியைச் செலுத்தி, ரசீதையும் நிலுவையில்லை என்ற சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செலுத்துவதால் உங்கள் வாதம் பலவீனப்படும் என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் அதே ஊராட்சியின் வேறு வார்டில் இருந்தாலும் தடையில்லை. முன்மொழிபவர் மட்டும் நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். கட்சிச் சின்னம் இப்பதவிக்குக் கிடையாது. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் வைப்புத்தொகை 200 ரூபாயாகவும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாயாகவும் இருந்தது.

சாதிச் சான்றைப் பொறுத்தவரை, சேலம் மாவட்டத்து மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதில் ஐயமில்லை. ஆனால் பழங்குடியினருக்கு வட்டாட்சியர் கொடுத்த சான்று 11.11.1989க்கு முற்பட்டதாக இருந்தால்தான் செல்லும். அதன்பின் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியே வழங்க வேண்டும் என்பதால், உங்கள் 1998ஆம் ஆண்டுச் சான்றை நம்பி ஒதுக்கீட்டு வார்டில் நிற்க முடியாது. பொது வார்டாக இருந்தால் குறைந்த வைப்புத்தொகைச் சலுகை மட்டுமே போகும். தந்தைக்கோ அவருடன் பிறந்தோருக்கோ 1989க்கு முந்தைய சான்று இருந்தால் அதன் நகலையும் இணைத்து, சேலம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கள விசாரணை முடிந்து சான்று கைக்கு வருவதற்குள் வேட்புமனு நாள் கடந்துவிடக் கூடும்.