நிக்கல் 200-ஆ, 201-ஆ: எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாது
தம்பி, சிங்கப்பூர் துவாஸ் பட்டறைக்கு வந்த நிக்கல் குழாய் 200 தரமா, 201 தரமா என்று எடை போட்டும் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாது. இரண்டுக்கும் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.89 கிராம்தான், காந்தமும் இரண்டிலும் ஒட்டும். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாறி வந்திருந்தால் மட்டும் தராசு காட்டிக்கொடுக்கும், அது சுமார் 8.0.

வித்தியாசம் கார்பனில். 200-இல் 0.15 சதவீதம் வரை இருக்கலாம், 201-இல் 0.02 வரைதான். உங்கள் காஸ்டிக் சோடா லைன் 350 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. 315-ஐத் தாண்டி நெடுநாள் ஓடினால், 200-இல் உள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகத்தை நொறுங்க வைக்கும். சூடான காஸ்டிக் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், தயவுசெய்து ஊகத்தில் விடாதீர்கள்.

எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலவையைப் பார்க்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி கார்பனைக் காட்டாது. ஆலைச் சான்றிதழின் ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்ணை, குழாயில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஆய்வகத்தில் ஸ்பார்க் ஓஇஎஸ் சோதனை கேளுங்கள், தீப்பொறியின் ஒளியை வைத்து அது கார்பனையும் அளக்கும். அதுவரை வெல்டிங் வேண்டாம்.