நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டியவை

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன்; வயது 27. தாய்மாமன் மகனை மணந்து ஓராண்டு ஆகிறது. இதுவரை தள்ளிப்போட்ட குழந்தைப்பேற்றுக்கு இப்போது தயாராகிறோம். அண்மைப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. கணவர் காபித் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் பணியையும் கவனிக்கிறார். சத்தான உணவு மட்டும் போதுமா, மாத்திரையும் தேவையா?

பதில்: மாத்திரையும் தேவை, அதை இப்போதே தொடங்குவது நல்லது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறக்குறைய நான்கு வாரங்களிலேயே மூடிக்கொள்கிறது. அதாவது, மாதவிலக்கு தள்ளிப்போய், வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் நீங்கள் வந்து சேரும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே அந்தக் குழாய் சரியாக மூட உதவும் பி வைட்டமினான ஃபோலிக் அமிலத்தை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, இயன்றால் மூன்று மாதம் முன்பிருந்தே தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை எடுத்துக்கொள்ள வேண்டும். கீரையிலும் பயறு வகைகளிலும் இச்சத்து உண்டென்றாலும் சமைக்கும்போது அதில் கணிசமான பகுதி வீணாகிவிடும். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை, சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு போன்ற காரணங்கள் உள்ளவர்களுக்குத் தரப்படுவது. உங்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இனி உங்கள் 10.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களில் வாழ்பவர்களின் உடல் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக ஹீமோகுளோபினை உற்பத்தி செய்யும் என்பதால், உங்கள் குறைபாடு எண்ணில் தெரிவதைவிடச் சற்று அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் இரத்தம் குறைவு என்றதும் டானிக் வாங்கிக் குடிப்பதை நான் ஏற்பதில்லை; காரணம் தெரிய வேண்டும். அதிக மாதவிலக்குப் போக்கு, இரும்புச்சத்துக் குறைந்த உணவு, செருப்பில்லாமல் தோட்ட மண்ணில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு ஆகியவை பொதுவான காரணங்கள். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் கூறும் (அதாவது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த பழுதான மரபணுவும்) இதேபோன்ற இரத்தசோகையைத் தரும். சொந்தத்தில் மணந்திருப்பதால் இருவரும் அதே பழுதான மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே முழு இரத்த எண்ணிக்கை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றோடு, தலசீமியாவையும், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயையும் கண்டறியும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையையும் சேலத்துக்கு இறங்கும்போது செய்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கூறு இருப்பது தெரிந்தால் கணவருக்கும் அது கட்டாயம். இருவருக்கும் இருந்தாலும் கலங்க வேண்டாம். மரபணு ஆலோசனை பெற்று, கருவைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

காரணம் இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால், இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் இருப்பவரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காபியும் தேநீரும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிருங்கள். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் மாத்திரையைச் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலில் இருப்புச் சேரும். உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல் நல்லவை. நம் மாவட்டம் பெயர்பெற்ற ஜவ்வரிசியோ ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். அதை இரத்தம் ஊறும் உணவாக எண்ணிவிடாதீர்கள்.

சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தில் வந்தால் கருவைப் பாதிக்கும் ரூபெல்லா அம்மைக்கான தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால் இப்போதே போட்டுக்கொண்டு, அதன்பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள்.

கணவரின் விந்தணு முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் அவரும் இப்போதே புகையிலையையும் மதுவையும் விட வேண்டும்; மருந்து தெளிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். அந்த உடைகளை அவரே தனியாகத் துவைக்கட்டும், உங்கள் கைக்கு வர வேண்டாம்.

கருத்தடையை நிறுத்தி ஓராண்டு ஆகியும் கரு தங்காவிட்டால், இருவரும் ஒன்றாகவே பரிசோதனைக்கு வாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்று வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.